எல்லையோடு நின்றுகொண்டவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை ஆறேழு வருடமாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

பதினாறு வயதில் டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை வாசித்தேன். அன்றிலிருந்து அதில் வரும் காண்டால்ஃப் என்ற முதிய மந்திரவாதிதான் என் ஆதர்சம். இப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. ஏதாவது முடிவெடுக்கத் திணறும்போது ‘அவர் இருந்தால் என்ன செய்வார்’ என்றுதான் இன்னமும் மனம் போகிறது. சென்ற வாரம் நண்பர்களிடம் பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். ஒருவர் சிரித்துவிட்டார். “இல்லாத ஒரு மந்திரவாதியைப் போய் யாராவது ஆதர்சமாக வைத்துக்கொள்வார்களா? அதுவும் ஆபத்தான வேலையையெல்லாம் சின்னவர்கள் தலையில் கட்டிவிட்டு ஊர் சுற்றுகிற ஆள்” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உண்மையில் உறுத்துவது வேறு. அலுவலகத்தில் எனக்குக் கீழே எட்டு பேர். எல்லோரும் என்னைவிட இளையவர்கள். அவர்கள் திணறினால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேலையை வாங்கி நானே முடித்துக் கொடுத்துவிடுவேன். அதை உதவி என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் வேலையை விட்டுப் போன ஒரு பெண் கிளம்பும்போது, “உங்களிடம் நான் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை சார், நீங்கள் விடவே இல்லை” என்றாள். இத்தனை வருடம் காண்டால்ஃபை மனதில் வைத்திருந்து நான் என்ன கற்றேன்? அவரை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா?

உங்கள் வாசகன்
(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சிரித்ததற்குப் பாதிக் காரணம் ‘மந்திரவாதி’ என்ற சொல்தான் என்று நினைக்கிறேன். அதைக் கேட்டதும் நமக்கு நினைவு வருகிறவன் ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்திருப்பவன், இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிறவன். அவனை யாரும் ஆதர்சமாகக் கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தின் ‘விசர்ட்’ என்ற சொல்லோ ‘வைஸ்’ என்பதிலிருந்து வந்தது. அறிவில் முதிர்ந்தவர் என்றுதான் முதலில் பொருள். மந்திரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆனால் நம் கிளி மந்திரவாதி டோல்கீனின் கதையிலும் இருக்கிறான். அங்கே அவன் பெயர் சவ்ரான். தன் ஆற்றலில் பெரும்பங்கை ஒரு மோதிரத்துக்குள் வைத்தான், மோதிரம் அழிந்ததும் அவன் கதையும் முடிந்தது. உயிரையோ ஆற்றலையோ தனக்கு வெளியே ஒரு பொருளில் வைப்பது தொன்மக் கதைகளில் பல வடிவங்களில் வருகிறது, சவ்ரானின் மோதிரமும் அவற்றில் ஒன்று என்று டோல்கீனே 1958ல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். காண்டால்ஃபிடமும் ஒரு மோதிரம் உண்டு, நார்யா என்று பெயர். அது அவர் செய்ததில்லை. கப்பலில் வந்து இறங்கியபோது துறைமுகத்தில் இருந்த கிர்டான் என்ற முதிய எல்ஃப் (முதுமையால் சாகாத ஓர் இனத்தவர்) அவருக்குக் கொடுத்தது. குளிர்ந்துபோன மனங்களில் மறுபடி தீ மூட்ட உதவும் என்று சொல்லிக் கொடுத்தது. கதை முடிந்து திரும்பக் கப்பலேறும் நாளில்தான் அது அவர் விரலில் வெளிப்படையாகத் தெரிகிறது.

அவர் இந்த வேலைக்கு எப்படி வந்தார் என்பது நாவலில் இல்லை. டோல்கீன் 1973ல் மறைந்த பிறகு அவர் மகன் கிறிஸ்டோபர் பதிப்பித்து 1980ல் வந்த ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ நூலில் இருக்கிறது. நீங்கள் வாசித்திருக்காவிட்டால் அந்தச் சில பக்கங்களுக்காகவே தேடிப் படியுங்கள். சவ்ரானுக்கு எதிராக மக்களுக்குத் துணை நிற்க யாரையாவது அனுப்ப வேண்டும் என்று வாலார் என்ற தெய்வங்கள் கூடிப் பேசுகிறார்கள். தாமாக முன்வந்தவர்களில் ஒருவர் பின்னாளில் சாருமான் என்ற மந்திரவாதி ஆகப்போகிறவர். தெய்வங்களின் தலைவரான மான்வே, ஒரு ஓரமாக வந்து உட்கார்ந்த ஓலோரினைப் போகச் சொல்கிறார். ஓலோரின் என்பது காண்டால்ஃபின் ஆதிப் பெயர். அவர் சொல்லும் பதில், இந்த வேலைக்கு எனக்குப் பலம் போதாது, சவ்ரானை நினைத்தால் பயமாக இருக்கிறது என்பது. அப்படியானால் நீ போவதற்கு அதுவே இன்னும் பெரிய காரணம் என்கிறார் மான்வே. இந்த இடத்தை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

வந்த ஐந்து பேருக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சவ்ரானின் பலத்தைப் பலத்தால் எதிர்கொள்ளக் கூடாது. மனிதர்களையோ எல்ஃப்களையோ வற்புறுத்தியும் பயமுறுத்தியும் ஆளக் கூடாது. கிழவர்களின் உடம்பில்தான் வர வேண்டும், பசியும் களைப்பும் வலியும் அந்த உடம்புக்கு உண்டு. அந்தக் கதையுலகின் மூன்றாம் யுகத்தில் 1000 வாக்கில் வந்தவர் 3021ல் திரும்பிப் போகிறார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் ஒருவர் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். சாருமானால் அது முடியவில்லை. அவரும் நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கினார். ஒழுங்கு வேண்டும், நல்லது சீக்கிரம் நடக்க வேண்டும், அதற்குப் பலம் வேண்டும் என்று ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

இப்போது ஃப்ரோடோவின் வீட்டில் நடக்கும் அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஃப்ரோடோ ஹாபிட் என்ற குள்ளமான இனத்தைச் சேர்ந்தவன். தன்னிடம் இருப்பது சவ்ரானின் மோதிரம் என்று தெரிந்ததும், நீங்களே இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவன் நீட்டுகிறான். காண்டால்ஃப் துள்ளி எழுந்து மறுக்கிறார். மறுக்கும்போது அவர் சொல்லும் காரணம் விசித்திரமானது. நாட்டை ஆளும் ஆசை தனக்கு வந்துவிடும் என்று அவர் அஞ்சவில்லை. பலவீனர்கள் மேல் தனக்கு இருக்கும் இரக்கம், நல்லது செய்யப் பலம் வேண்டும் என்ற தன் விருப்பம், அந்த வழியாகத்தான் மோதிரம் தன் நெஞ்சுக்குள் நுழையும் என்கிறார்.

உங்களை உறுத்துவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் திணறும்போது அவர் கையிலிருந்து வேலையை வாங்கத் தோன்றுவது இரக்கத்தால்தான். கெட்ட எண்ணம் அதில் துளியும் இல்லாததால் அது இத்தனை வருடம் உங்கள் கண்ணில் படவே இல்லை.

எனக்கும் நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் தன் முதல் சிறுகதையை அனுப்பிக் கருத்துக் கேட்டார். நல்ல கதை, நடைதான் தட்டுத் தடுமாறியது. இரண்டு இரவு உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தி அனுப்பினேன். பெரிய உதவி செய்துவிட்ட நிறைவு எனக்கு. நன்றி சொல்லி நான்கு வரி எழுதினார், அப்புறம் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. நீண்ட நாள் கழித்து நேரில் பார்த்தபோது ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன். “நீங்கள் அனுப்பியதில் என் கதை எங்கே இருக்கிறது என்று தேடினேன் சார், கிடைக்கவில்லை” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அன்று இரவு அந்தக் காட்சியை எடுத்து மறுபடி வாசித்தேன். அதற்கு முன் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். சவ்ரானின் மோதிரத்தைப் பற்றிய காட்சி என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம். இல்லாதவர் ஆதர்சமாக முடியுமா? வரலாற்றில் வாழ்ந்த பெரியவர்களின் மேடைப் பேச்சு நமக்குக் கிடைக்கிறது, செயல் கிடைக்கிறது. கதவு சாத்திய அறையில், யாரும் பார்க்காதபோது, பெரிய ஆற்றல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும்போது அவர்களுக்குள் என்ன நடந்தது என்பது பெரும்பாலும் கிடைப்பதில்லை. காண்டால்ஃபை அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கிறோம். அவர் பயப்படுவதைப் பார்க்கிறோம். எனக்கு அந்தப் பார்வை தேவைப்பட்டது, பல சமயம் என்னைக் காப்பாற்றியும் இருக்கிறது. அதற்காக வெட்கப்பட நான் தயாராக இல்லை, நீங்களும் வெட்கப்பட வேண்டாம்.

சின்ன வயதில் நமக்கெல்லாம் பிடித்தது மோரியா என்ற பாதாள நகரின் பாலம். பால்ரோக் என்ற நெருப்புப் பூதத்தை வழிமறித்து நிற்கிறாரே, அந்த இடம். இன்று எனக்கு அதைவிட நெருக்கமானது அதற்குச் சற்று முன்னால் வரும் கதவு. ‘நண்பனே, சொல், நுழை’ என்று கதவில் எழுதியிருக்கிறது என்று வாசிக்கிறார். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. தனக்குத் தெரிந்த மந்திரங்களையெல்லாம் சொல்லிப் பார்க்கிறார், கதவு அசையவில்லை. கைத்தடியைத் தரையில் எறிந்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். கடைசியில் பார்த்தால் ‘நண்பன் என்று சொல், நுழை’ என்பதுதான் பொருள். எல்ஃப் மொழியில் நண்பன் என்பதற்கான ‘மெல்லோன்’ என்ற சொல்லே திறவுகோல். விடை தெரிந்ததும் அவர் சிரிக்கிறார். நான் நினைத்தது தப்பு, எல்லோரிலும் மெரிதான் சரியான பாதையில் போனான் என்று கூட்டத்திலேயே மிக இளையவர்களில் ஒருவனின் பெயரைச் சொல்கிறார். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. மோதிரத்தை என்ன செய்வது என்று பேசக் கூடிய எல்ராண்டின் சபையிலும் இப்படித்தான். சாருமானின் வார்த்தையை நம்பி அசந்துவிட்டேன், உண்மையை இன்னும் முன்பே தேடியிருக்க வேண்டும், அது என் பிழை என்று அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறார். விவேகி என்றால் தப்பே செய்யாதவர் என்ற எண்ணத்தை என்னிடமிருந்து முழுக்க எடுத்துப்போட்டவர் அவர்தான்.

அவருடைய ஞானம் எங்கிருந்து வந்தது என்றும் டோல்கீன் சொல்லியிருக்கிறார். 1977ல் வந்த ‘தி சில்மரிலியன்’ நூலில், உலகத்தின் காயங்களுக்காக அழும் நியென்னா என்ற தேவியிடம் ஓலோரின் இரக்கமும் பொறுமையும் கற்றார் என்று ஒரு வரி வருகிறது. போர் செய்யும் தெய்வங்களும் பொருள்களைச் செய்யும் தெய்வங்களும் இருக்க, இவர் அழுகிறவளிடம் போய்ப் பாடம் கேட்டிருக்கிறார். ஃப்ரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்தவர் பில்போ, அவருக்கும் முன் அதை வைத்திருந்து அதனாலேயே கெட்டுப்போன பிராணி கோலம் (Gollum). பில்போ அந்தக் கோலத்தைக் கொல்லாமல் விட்டதை ஃப்ரோடோ குறை சொல்லும்போது காண்டால்ஃப் அவனைத் திருத்துவது அந்தப் பாடத்திலிருந்துதான். கடைசியில் மோதிரத்தை அழிக்கப் போன ஃப்ரோடோவால் எரிமலையின் விளிம்பில் அதை எறிய முடியவில்லை. அன்று உயிரோடு விடப்பட்ட அந்தக் கோலம்தான் அதைப் பிடுங்கிக்கொண்டு நெருப்பில் விழுகிறது.

ஒருவரைக் கெடுக்கும் வழியும் இரக்கம்தான், உலகம் பிழைத்த வழியும் அதுதான் என்று இந்தக் கதையில் வருகிறது. எப்போது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கோலத்தின் விஷயத்தில் இரக்கம் கையை இழுத்துக்கொள்கிறது. மோதிரத்தின் விஷயத்தில் கையை நீட்டச் சொல்கிறது. நான் நீட்டப் போகிறேனா, இழுத்துக்கொள்ளப் போகிறேனா என்று ஒரு நொடி பார்த்துக்கொள்வது எனக்குப் பழகிவிட்டது.

உர்சுலா லெ குவின் 1968ல் எழுதிய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலில் ஓகியோன் என்று ஒரு குரு வருகிறார். பூகம்பத்தையே அடக்கியவர், மழை பெய்தால் அதை விலக்காமல் ஒரு மரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். மேகத்தைத் தள்ளிவிடத் தெரிந்தவர் ஏன் சும்மா இருக்கிறார் என்று சீடன் கெட் எரிச்சலடைகிறான். உங்களுக்கு அவரையும் பிடிக்கும்.

சின்னவர்கள் தலையில் கட்டிவிட்டார் என்ற குற்றச்சாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோதிரத்தை நான் சுமக்கிறேன் என்று சபையில் சொன்னது ஃப்ரோடோதான், யாரும் அவனை ஏவவில்லை. மோரியாவில் எல்லோரையும் முன்னால் ஓடச் சொல்லிவிட்டுப் பாலத்தில் தனியாக நின்றது காண்டால்ஃப்.

உங்கள் அலுவலகத்துக்கு உதவக்கூடியது முடிவுக்குச் சற்று முன்னால் வரும் ஒரு சின்னக் காட்சி. போர் முடிந்து நான்கு ஹாபிட்களும் ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் ஊரான ஷையரில் ஏதோ சரியில்லை என்று வழியிலேயே தெரிந்துவிடுகிறது. நீங்களும் வருவீர்கள்தானே என்று நினைக்கிறார்கள். காண்டால்ஃப் எல்லையருகே குதிரையை நிறுத்திவிடுகிறார். நான் வரப்போவதில்லை, உங்கள் ஊர் விஷயத்தை நீங்களே தீர்க்க வேண்டும், இத்தனை நாள் நீங்கள் பயிற்சி பெற்றது இதற்காகத்தான் என்கிறார். அவர் நினைத்திருந்தால் ஊரைப் பிடித்துவைத்திருந்த ரவுடிக் கூட்டத்தை ஒரு பகலில் துரத்தியிருக்கலாம். அவருக்கு அந்த ஊர் மேல் பிரியம் குறைந்துவிடவும் இல்லை. இருந்தும் பழைய நண்பர் டாம் பாம்படிலோடு உட்கார்ந்து பேசப் போகிறேன் என்று குதிரையைத் திருப்புகிறார். நால்வரும் போய் ஊரை மீட்கிறார்கள். சிலர் சாகிறார்கள், அதுவும் கதையில் இருக்கிறது.

2003ல் வந்த மூன்றாவது படத்தில் இந்தப் பகுதி இல்லை. பதினாறு வயதில் வாசித்தது உங்களுக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும், படம்தான் மனதில் நிற்கும். மூன்றாம் பாகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களை மட்டும் இந்த வாரம் மறுபடி வாசியுங்கள். முடிந்தால் வேலையை விட்டுப் போன அந்தப் பெண்ணுக்கும் ஒரு வரி எழுதுங்கள். அவள் சொன்னது சரி என்று மட்டும் எழுதினால் போதும். பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்