ஆறு செக்கு இருக்கிற ஊரில் ஏழாவதாக

போன வாரம் காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பையனோடு வந்திருந்தார். பி.காம் முடித்த பையன், மரச்செக்கு போடுகிறேன் என்று நிற்கிறான். "ஊருக்குள்ள ஏற்கெனவே ஆறு செக்கு ஓடுதுங்க சார், இவன் ஏழாவதா போயி என்ன பண்ணுவான்?" என்றார். இதற்குள் மாமா ஒரு தனியார் கல்லூரியில் எம்பிஏவுக்குப் பேசி வைத்துவிட்டாராம், இரண்டு வருஷத்துக்கு ஏழு லட்சம், அதுவும் நகையை வைத்து.

பயப்படாதீர்கள் அம்மா என்றுதான் ஆரம்பித்தேன். ஏழு லட்சம் என்று காதில் விழுந்ததும் ஆறுதல் சொல்ல மனசு வரவில்லை. உங்கள் பையன் உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னது கடலைக் கணக்கு. செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ பருப்பாவது போகும், கிலோ 130 என்று வைத்தாலே 325 ரூபாய், புண்ணாக்கில் அறுபது எழுபது திரும்பும், அப்புறம் கரண்ட், ஆள் கூலி, பாட்டில். இதை விரல் நுனியில் வைத்திருக்கிறவனை நகையை அடகு வைத்து அந்த வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். மாமா வருத்தப்பட்டால் படட்டும்.

பையனிடமும் எனக்குச் சண்டைதான். கடலை, எள், தேங்காய் என்று ஆரம்பித்த அவன் திட்டம் தேன், நாட்டுச்சர்க்கரை, சிறுதானியம் வரை போகிறது. ஏன் தம்பி என்றால், எதிர்க்கடையில் இருக்கிறதாம். அவர் இருபது ரூபாய் குறைத்தால் இவனும் குறைப்பானாம். எதிர்க்கடை போர்டைப் பார்த்துத் தொழில் செய்தால் ஆறே மாதத்தில் கைமுதல் கரைந்துவிடும்.

கூலிக்கு ஆட்டிக் கொடுப்பதை ஏன் ஒருத்தருமே யோசிக்கவில்லை? காட்டில் விளைந்த கடலையையும் கொப்பரையையும் மூட்டையாகக் கொண்டு வருவார்கள், கிலோவுக்கு இவ்வளவு கூலி, அவ்வளவுதான். சரக்கு வாங்கி அடைக்கப் பணம் வேண்டாம், கடலை விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி கூலிதான். அவர்கள் கண் முன்னாலேயே எடை போடு, கறுத்ததையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கி எடுத்துக் காட்டு, ஈரம் இருந்தால் இன்னும் இரண்டு நாள் காய வைத்து எடுத்து வாங்க என்று திருப்பி அனுப்பு. திருப்பி அனுப்பினால் அன்றைக்குக் கூலி போகும், போகட்டும். ஆட்டிய எண்ணெயைத் தெளிய வைத்து, அடியில் தங்கும் கசடைக் கலக்காமல் ஊற்றிக்கொள்ளச் சொல். புண்ணாக்கு அவர்கள் வீட்டு மாட்டுக்கே போய்விடும். இருபது கிலோ ஆட்டிப் போன வீடு, எண்ணெய் தீர்ந்ததும் அந்தச் செக்கைத் தேடித்தான் வரும்.

கடன் வேண்டுமானால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள், வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டத்தில் 25 சதவீதம் மானியம் உண்டு. அதற்கு முன்னால் மூன்று மாதம் வெளியூர்ச் செக்கு ஒன்றில் பையன் கூலிக்கு நிற்கட்டும். தினமும் எத்தனை கிலோ ஆட்டினார்கள், யார் திரும்ப வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். அடுத்த முறை மாமாவைக் கூட்டி வர வேண்டாம், அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள்.