கோயிலுக்கு உடுப்பது எப்படி: சேலத்து வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அம்மாபேட்டையிலிருந்து: சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டு நின்றேன். பெரியவர் ஒருவர் அதை இடுப்பில் கட்டச் சொன்னார். ஏன்?

தோளில் கிடக்கும் துண்டு நம் பக்கம் பெரியதனத்தின் அடையாளம். அதை இறக்கி இடுப்பில் வரிந்து கட்டினால், ஏவல் செய்ய நிற்கிறேன் என்று பொருள். பண்ணையார் முன்னால் ஒடுக்கப்பட்ட மக்களை இப்படித்தான் நிற்க வைத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சாமிக்கு முன்னால் எல்லோரும் கட்டுவது வேறு, மனிதனுக்கு முன்னால் கட்டச் சொல்வது வேறு.

துண்டை நீளவாக்கில் நான்காக மடித்துச் சுற்றி, முடிச்சை இடப்பக்கம் போடுங்கள். நடுவயிற்றில் போட்டால் விழுந்து கும்பிடும்போது குத்தும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: பஞ்சகச்சம் கட்டினால் பாதியில் நழுவுகிறது. எத்தனை முழம் வாங்கலாம்?

'9×5' என்று கேட்டு வாங்குங்கள். வேட்டி 9 முழம், அதாவது ஏறக்குறைய 4.1 மீட்டர், அங்கவஸ்திரம் 5 முழம். உடம்பு கனமாக இருந்தால் 10×6. சாதாரண 8 முழ வேட்டியில் கச்சம் போட்டால் பின்னால் செருக நுனி மிஞ்சாது. பாதி பேருக்கு நழுவுவது இதனால்தான்.

துணியின் நடுவை முதுகுப்பக்கம் வைத்து, இரு தலைப்பையும் முன்னால் கொண்டுவந்து, தொப்புளுக்குக் கீழே இறுக்கிச் செருகுங்கள். ஒரு தலைப்பை நான்கு விரல் அகலத்துக்கு மடித்து, கால்களுக்கு நடுவே பின்னால் இழுத்து, முதுகுத்தண்டுக்கு நேராகச் செருகவும். மற்றதைக் கொசுவி முன்னால் செருகி, கொசுவத்தின் ஓரத்தையும் எடுத்து மேலே செருகவும். எந்தப் பக்கம் பின்னால் போக வேண்டும் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள்.

பின் கச்சத்தை இழுக்கும்போது கால்களை ஓரடி அகட்டி நில்லுங்கள். சேர்த்து நின்று இறுக்கினால் நமஸ்காரத்துக்குக் குனியும்போது கச்சம் பிடுங்கிக்கொண்டு வரும், துணி நைந்திருந்தால் கிழியும். கட்டியதும் ஒருமுறை குந்தி எழுந்து பாருங்கள். புதுத் துணியில் கஞ்சி வழுக்கும், ஒரு தடவை அலசிவிட்டுக் கட்டுங்கள். அரைஞாண் கயிறு இருந்தால் கூடுதல் பிடி.

சேலம் குகைப் பகுதியிலிருந்து: ஆடிக்கு மஞ்சள் வேட்டி நானே நனைத்தேன். துவைத்ததும் சிவப்புத் திட்டு வந்துவிட்டது.

சோப்பில் உள்ள காரம்தான். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பதும் இதே கதை, குங்குமம் பிறப்பதும் அப்படித்தான். எலுமிச்சம் பழம் ஒன்றைப் பிழிந்த தண்ணீரில் முக்கினால் பெரும்பாலும் திரும்பவும் மஞ்சளாகும்.

அடுத்த தடவை 4 முழப் பருத்தி வேட்டிக்கு 50 கிராம் மஞ்சள் தூள், 5 லிட்டர் வெந்நீர். கரைசலை வடிகட்டாவிட்டால் புள்ளி விழும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் மஞ்சள் வெளுத்துப் போகும். பூமிதிப்பவர்கள் பாலியெஸ்டர் கலந்த துணி உடுத்தவே கூடாது. தணல் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி மட்டும், தொங்கும் நுனி எதுவும் இல்லாமல் செருகிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டிலிருந்து: குளிரில் சேர்வராயன் கோயிலுக்கு ஸ்வெட்டரோடு போகலாமா?

போகலாம். 1,600 மீட்டருக்கு மேல் உள்ள இடம், அங்கே நடுங்கிக்கொண்டு நிற்பதால் பக்தி கூடிவிடாது. குல்லாவையும் மப்ளரையும் மட்டும் வாசலிலேயே எடுத்துவிடுங்கள். கோயில் இருக்கும் குகை இடுக்கானது, தலைமேல் கூடையோ தோளில் தொங்கும் பையோ இடிக்கும்.

அதே ஊரிலிருந்து: தேவாலயப் பூசைக்குப் பெண்கள் முக்காடு போடுவது கட்டாயமா?

கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத் தொகுப்பில் கட்டாயம். 1983 தொகுப்பில் அந்த விதி இல்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போடுவது இப்போது பழக்கம், அவ்வளவுதான். வழுக்கும் சேலையென்றால் காதுக்கு மேல் ஒரு ஹேர்பின் குத்துங்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தால் நற்கருணை வாங்கும்போதும் கவனம் அதில்தான் இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து இன்னொருவர்: வெண்பட்டு வேட்டியில் ஈரக் குங்குமம் பட்டுவிட்டது.

தேய்க்காதீர்கள். முழுக்கக் காயவிட்டு உதறுங்கள், பிறகு மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டுங்கள். மிச்சமிருந்தால் பட்டு வெளுப்பவரிடம், குங்குமம் என்று சொல்லியே கொடுங்கள். வெளுப்பு மருந்து பட்டால் பட்டு இழை இற்றுவிடும்.