கராஜில் கம்ப்யூட்டர்: ஹீட்டர் வாங்க வேண்டுமா?

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறோம். வீட்டில் இடம் போதாததால், கணக்கு எழுதும் வேலையைக் கராஜுக்கு மாற்றப் போகிறேன். ஜூன், ஜூலை மாதங்களில் விடியற்காலையில் அங்கே கைகால் விறைத்துவிடும். கடை ஒன்றில் பழைய டெஸ்க்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். குளிரில் அது கெட்டுவிடுமா? கேஸ் ஹீட்டர் ஒன்று வைத்தால் போதும் என்கிறார் என் வீட்டுக்காரர். கடைக்காரரோ ஒரு மாத வாரண்டிக்கு மேல் தர மாட்டாராம்.

பதில்: கம்ப்யூட்டருக்காக என்றால் அந்த ஹீட்டர் வேண்டாம். ஓடுகிற கம்ப்யூட்டர் தானே சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்றத்தானே உள்ளே ஃபேன் வைத்திருக்கிறார்கள்! குளிரைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது காலையில் முதல் தடவை ஆன் செய்யும் நேரம் மட்டும்தான். சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் பொதுவாக 5 முதல் 60 டிகிரி வரை என்று தயாரிப்பாளர்கள் வரம்பு போடுகிறார்கள். உங்கள் ஊரில் ராத்திரி பூஜ்ஜியத்தைத் தொடுவது உண்டு. அதனால் கடைக்காரரிடம் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (தகவலைச் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) போட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் சுழலும் பாகமே கிடையாது. ஹீட்டருக்கு ஒதுக்கிய பணம் இதற்குப் போகட்டும்.

பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்ப்பதுபோல, கம்ப்யூட்டருக்குள் குளிர்ந்துகிடக்கும் சர்க்யூட் போர்டில் ஈரமான சூடு காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். உங்கள் ஊர் இருக்கும் ஹைவெல்டு மேட்டுநிலத்தில் குளிர்காலக் காற்று வறண்டது, அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். (டர்பனில் இருப்பவர்களுக்குக் கடற்காற்றின் உப்பும் ஈரமும் வேறு தலைவலி.) ஆனால் கராஜுக்குள் ஈரத்தை நாமே கொண்டுவருகிறோம்: கெட்டில், காயப்போட்ட துணி, அப்புறம் இந்தக் கேஸ் ஹீட்டர். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். 9 கிலோ சிலிண்டர் தீரும்போது சுமார் 14 லிட்டர் தண்ணீர் உங்கள் கராஜ் காற்றில் கலந்திருக்கும்! போதாததற்குக் கதவை அடைத்துக்கொண்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். உங்கள் கைகால் குளிருக்கு எண்ணெய் ஹீட்டர் நல்லது. அது ஆவி விடாது. அதைக் கம்ப்யூட்டர் செருகிய மல்டிபிளக்கிலேயே செருகாமல், சுவர் பிளக்கில் தனியாகப் போடுங்கள்.

கம்ப்யூட்டரைக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான அறைக்குக் கொண்டுபோனால், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி எடுத்துப்போய், சில மணி நேரம் பிரிக்காமல் வையுங்கள். நீர் பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். கொண்டுவந்ததும் ஆன் செய்கிற அவசரம்தான் போர்டைக் கொல்கிறது.

கம்ப்யூட்டர் கேபினெட்டை சிமெண்ட் தரையில் வைக்காமல் ஸ்டூலில் ஏற்றி வையுங்கள், கராஜ் கதவுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆகஸ்ட் காற்றில் சுரங்கக் கழிவு மேட்டு மண் எப்படி உள்ளே வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பளி போர்த்துவது நல்லெண்ணம்தான், ஆனால் காற்று அடைபடும். யுபிஎஸ் வைத்திருந்தால், குளிரில் அதன் பேட்டரி வழக்கத்தைவிடக் குறைந்த நேரமே தாங்கும். லித்தியம் பேட்டரி என்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது. அதை வீட்டுக்குள் வைப்பதே மேல்.

சரி, வாரண்டி. கடைக்காரர் ஒரு மாதம் என்று சொன்னாலும், தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு உங்களுக்கு ஆறு மாதம் தருகிறது. பழைய பொருளுக்கும் இது உண்டு. அந்த ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் இல்லை. ஆனால் 'இந்த இந்தக் குறை இருக்கிறது' என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அந்தக் குறைக்காக அப்புறம் கேட்க முடியாது. ஆகவே பில்லில் கையெழுத்துப் போடும் முன் பொடி எழுத்தையும் படியுங்கள். தெரிந்தவர் ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரை விற்றால் இந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. நூறு இருநூறு ரேண்ட் கூடுதலானாலும் கடையிலேயே வாங்குங்கள் என்பேன்.