கல்யாண வீட்டுக்கு வர மறுக்கும் மகன்

கேள்வி: மகனுக்கு 27 வயது. பி.இ. முடித்து நாலு வருஷமாக அரசு வேலைக்கு குரூப் 4, குரூப் 2 பரீட்சை எழுதுகிறான். பகல் பத்து மணிவரை தூக்கம். விசேஷங்களுக்கு வருவதில்லை. வேலைக்குப் போகச் சொன்னால் படிப்பு கெடும் என்கிறான்.

பதில்: அம்மா, இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1930 வாக்கில் ஆஸ்திரியாவில் மரியெந்தால் என்ற சிற்றூரின் ஆலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்தது. மாரி யஹோதாவும் சக ஆய்வாளர்களும் அங்கே ஆராய்ந்தார்கள். நாளெல்லாம் ஓய்வு இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள். கடிகாரம் வைத்தே அளந்தார்கள். பெண்களுக்கு அடுப்படி வேலை மிச்சமிருந்ததே! சம்பளம் போக வேலை தருவது இவைதான்: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே நாலு பேர், ‘என்ன பண்றே?’ என்று கேட்டால் சொல்ல ஒரு பதில். உங்கள் மகனுக்கு மூன்றுமே இல்லை.

பரீட்சை எழுதுவதை நிறுத்தச் சொல்லவும் யாருமில்லை. பட்டம் பெற்ற பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளில் உச்ச வயது வரம்பு கிடையாது. நல்ல சலுகைதான், ஆனால் கதவு சாத்தாததால் பலர் வாசலிலேயே நிற்கிறார்கள். 2024 குரூப் 4-இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

அரைநாள் வேலை பார்க்கட்டும். காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை போதும். ஆடிட்டர் ஆபீஸ், டியூஷன் சென்டர் எதுவானாலும் சரி. இ-சேவை மையம் கிடைத்தால் இன்னும் நல்லது: வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர்வதைத் தினமும் பார்ப்பான். அவன் எழுதும் பரீட்சையே அப்படிப்பட்ட மேஜைகளுக்குத்தானே. கமிஷன் மட்டும் தரும் வேலையும் 12 மணி நேர ஷிப்ட்டும் வேண்டாம். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையும் வேண்டாம். சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போவதுதான் இங்கே மருந்து.

படிப்பு மூன்றிலிருந்து எட்டு வரை, நூலகத்தில். ஞாயிறுதோறும் 9.30 முதல் 12.30 வரை குரூப் 4 முழு மாதிரித் தேர்வு: 200 கேள்வி, 300 மதிப்பெண், ஓ.எம்.ஆர். தாளிலேயே. தமிழ்ப் பகுதியின் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவில் மூழ்குகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். தவறிய கேள்விகளைப் பாடவாரியாக ஒரு நோட்டில் குறிக்கட்டும். எட்டு வாரமாக அதே பாடத்தில் அதே எண்ணிக்கை என்றால், அவன் படிக்கவில்லை. தெரிந்ததையே திரும்ப வாசிக்கிறான்.

இன்னும் எத்தனை தேர்வு அறிவிப்புவரை எழுதுவது என்று அவனே தன் கையால் எழுதித் தேதி போடட்டும். இரண்டு என்பது என் கணக்கு. நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது மிரட்டல் ஆகிவிடும்.

சொந்தக்காரர்கள் கேட்டால், “இன்ன இடத்துல வேலை பாக்கறான், பரீட்சையும் எழுதறான்” என்று அந்த வரிசையிலேயே சொல்லுங்கள்.

முதல் மூன்று வாரம் அலுப்பில் மதிப்பெண் இறங்கும். “நான்தான் சொன்னேனே” என்பான். ஆறாவது ஞாயிறுவரை வேலையை விட விடாதீர்கள்.