மின்சாரம் போய் வந்த பிறகு டாக்கர் கன்டெய்னர் மட்டும் ஏன் எழ மறுக்கிறது?

டாக்கர் கன்டெய்னரை (ஒரு ஆப்பை அதற்கு வேண்டியவற்றோடு அடைத்து ஓட்டும் பெட்டி மாதிரி) புதிதாக ரன் செய்தால் ஓடுகிறது, சர்வர் அணைந்து எழுந்தால் மட்டும் ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்லி நின்றுவிடுகிறது என்கிறீர்கள். 2023-இல் இங்கே டர்பனில் லோட் ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது இதே வரியோடு பல இரவு மல்லுக்கட்டியிருக்கிறேன். எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பின் பதிவுத் தளம், சாட்ஸ்வொர்த்தில் ஓர் அண்ணன் கடைப் பின்னறையில் இருந்த சர்வரில் ஓடியது. கரண்ட் வந்ததும் போன் வரும்: “தம்பி, சைட் இன்னும் வரலையே.”

ஒருநாள் பிஐடி கோப்பைத் திறந்து பார்த்தேன்; ஓடும் ஆப் தன் ப்ராசஸ் எண்ணை எழுதிவைத்து, நிற்கும்போது அழித்துவிடும் கோப்பு அது. உள்ளே 7 என்ற எண் மட்டும். அப்போதுதான் விளங்கியது. கன்டெய்னருக்குள் ப்ராசஸ் (ஓடும் நிரல்) எண்கள் ஒவ்வொரு முறையும் 1-இலிருந்து தொடங்கும். ஆப்பைக் கிளப்பும் ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட் அதே வரிசையில் ஓடுவதால் ஆப்புக்கு மறுபடியும் 7 கிடைக்கிறது. பழைய கோப்பிலும் 7. ஆப், 7 உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறது, இருக்கிறது. அது தானேதான் என்பது அதற்குத் தெரியாது. சர்வர் எழும்போது வருவது அதே பழைய கன்டெய்னர்; ரன் கொடுத்தால் புதுக் கன்டெய்னர், அதில் பழைய கோப்பு இல்லை. அதனால்தான் உங்களுக்கு அப்போது ஓடுகிறது.

சரி, கோப்பு ஏன் மிஞ்சுகிறது? உங்கள் ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்தான் (கட்டளைகளை வரிவரியாக நிறைவேற்றும் நிரல்) 1-ஆம் ப்ராசஸ். நிறுத்தச் சொல்லி வரும் சிக்டெர்ம் என்ற சிக்னல் அதற்கு வருகிறது; அது ஆப்புக்குக் கடத்துவதில்லை. டாக்கர் 10 வினாடி பொறுத்துவிட்டு எல்லாவற்றையும் கொன்றுவிடுகிறது. ஆப் துப்புரவு செய்ய வாய்ப்பே இல்லை. டாக்கர் ஸ்டாப் கொடுத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பத்து வினாடி பிடித்தால் இதுதான்.

ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ஆப்பின் பெயருக்கு முன்னால் எக்ஸெக் என்ற கட்டளையைப் போடுங்கள். ஷெல் விலகி, அதே இடத்தில் ஆப் அமர்ந்துகொள்ளும், சிக்னல் நேராக அதற்கே போகும். ஆனாலும் பிளக்கைப் பிடுங்கியதுபோல் கரண்ட் போனால் எந்தச் சிக்னலும் வராது. அதற்காக ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே பழைய பிஐடி கோப்பை அழித்துவிடுங்கள். இரண்டும் வேண்டும்.

இன்னொன்று. கம்போஸ் கோப்பில் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் அமைப்புக் கோப்பு) எது முதலில் எழ வேண்டும் என்று டிபென்ட்ஸ் ஆன் எழுதியிருப்பதை நம்பி இருக்காதீர்கள். சர்வர் எழும்போது கன்டெய்னர்களை ஏற்றுவது பின்னணியில் ஓடும் டாக்கர் டீமன், அது அந்த வரிசையைப் பார்ப்பதில்லை. டேட்டாபேஸ் பதில் சொல்லும்வரை காத்திருக்கும் ஒரு சின்ன லூப் ஸ்கிரிப்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

மாற்றிய பிறகு, கரண்ட் போவதுபோல் சட்டென்று நிறுத்தும் டாக்கர் கில் கொடுத்து, அதே கன்டெய்னரை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ரன் வேண்டாம், அதில் பிழை தெரியாது.