உலோகங்கள் மட்டும் ஏன் மின்சாரத்தையும் சூட்டையும் இவ்வளவு எளிதாகக் கடத்துகின்றன?

கடத்துவது என்றால், ஒரு முனையில் கொடுத்த மின்சாரமோ சூடோ மறுமுனைக்குப் போய்ச் சேர்வது. உலோக அணுக்கள் தங்கள் வெளிவட்ட எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துக்கொள்வதில்லை. செம்பில் அணுவுக்கு ஒன்று வீதம் கம்பி முழுக்கச் சுற்றித் திரிகிறது. பேட்டரியை இணைத்தால் இந்தக் கூட்டம் ஒரே பக்கமாக நகரும், அதுதான் மின்னோட்டம். சூடாக்கினாலோ, அதே எலக்ட்ரான்கள் அங்குமிங்கும் வேகமாக ஓடி, மோதுமிடத்தில் ஆற்றலைக் கொட்டும், அப்படியே சூடு மறுமுனை வரை பரவும்.

மரத்தில் எலக்ட்ரான்கள் கட்டுண்டு கிடப்பதால், சூடு பந்தியில் உட்கார்ந்தவர்கள் கைமாற்றும் சாம்பார் வாளி போல மெதுவாக நகர்கிறது. உலோகத்தில் பரிமாற ஆள் ஓடுகிறது! (எவர்சில்வர் கரண்டி இதில் கொஞ்சம் மந்தம்தான், செம்பு அதைவிட 20 மடங்குக்கும் மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும்.)

அப்புறம், சுவிட்சைப் போட்டதும் எலக்ட்ரான் பாய்ந்தோடி பல்பை எரியவைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். டார்ச்லைட் கம்பியில் அவை ஒரே பக்கமாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை, கம்பி முழுக்க இருப்பவை கிட்டத்தட்ட ஒரேசமயத்தில் தள்ளப்படுவதால்தான் பல்பு உடனே எரிகிறது.