முகங்கொடுத்துப் பேசிய கடவுள்

கேள்வி: வேதாகமத்தின் யாத்திராகமப் புத்தகம் 33-ஆம் அதிகாரத்தில் 11-ஆம் வசனம், கர்த்தர் மோசேயோடு ‘முகமுகமாய்ப் பேசினார்’ என்கிறது. அதே அதிகாரம் 20-ஆம் வசனத்தில், தம் முகத்தைக் காண முடியாது, தம்மைக் கண்டவன் உயிரோடிருக்க முடியாது என்று அவரே சொல்கிறார். ஒரே பக்கத்தில் முன்னுக்குப் பின் முரணாக எழுதியவர்களை எப்படி நம்புவது?

பதில்: 11-ஐயும் 20-ஐயும் எடுத்தீர்கள், சரி. நடுவில் 14 இருக்கிறதே, அதை ஏன் தாண்டிப் போனீர்கள்? ‘என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும்’ என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சொல்கிற இடத்திலும் மூலமொழியான எபிரேயத்தில் இருப்பது முகம்தான். ‘பானீம்’ என்ற அதே சொல் இந்த மூன்று வசனங்களிலும் வருகிறது. முகம், முன்னிலை, ஒருவர் கூடவே இருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். தமிழருக்கு இது புரியாத விஷயமே இல்லை. ‘அவர் முகங்கொடுத்துக்கூடப் பேசவில்லை’ என்று வருத்தப்படுகிறவர் மூக்கையும் கண்ணையும் பற்றியா பேசுகிறார்? 11-ஆம் வசனம் ‘சிநேகிதனோடே பேசுவதுபோல’ என்று நெருக்கத்தைத்தான் சொல்கிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால் மேகத்தூண் இறங்கிக் கூடார வாசலில் நிற்கிறது. அங்கே மோசே ஒரு முகத்தைப் பார்த்ததாக ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் சொல்வழக்கு என்று தள்ளிவிட நான் தயாரில்லை. 24-ஆம் அதிகாரத்தில் மோசே, ஆரோன், நாதாப், அபியூ, அப்புறம் மூப்பர் 70 பேர் மலையேறி இஸ்ரவேலின் தேவனைக் கண்டார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கண்டு, புசித்துக் குடிக்கவும் செய்தார்கள். உபாகமம் 4-ஆம் அதிகாரமோ, சத்தத்தைக் கேட்டீர்கள், ரூபம் எதையும் காணவில்லை, ஆகவே சிலை செய்யாதீர்கள் என்கிறது. இவை வேறுவேறு குரல்கள். தொகுத்தவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் அரமேயத்தில் பெயர்த்த யூத அறிஞர்களுக்கும் இந்த மாதிரி இடங்கள் உறுத்தின. கர்த்தர் பாபேல் கோபுரத்தைப் பார்க்க ‘இறங்கினார்’ என்பதை ‘வெளிப்பட்டார்’ என்று மாற்றினார்கள். மூலத்தில் மட்டும் கை வைக்கவில்லை. மறைக்க நினைத்தவர்கள் செய்கிற வேலையா அது?

கண்டவர்கள் எதைக் கண்டார்கள் என்று படித்துப் பாருங்கள். அந்த 70 பேரின் பார்வை அவருடைய பாதத்தின் கீழிருந்த நீலக்கல் தளத்தோடு நின்றுவிடுகிறது. ஏசாயா தீர்க்கதரிசி ஆலயத்தை நிறைத்த அங்கியின் தொங்கலைச் சொல்கிறார். கன்மலை வெடிப்பில் நின்ற மோசேக்குக் கிடைத்தது பின்புறம். முகத்தை வர்ணிக்க வேண்டிய இடத்தில் எழுதியவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

குரலில் அந்தத் தயக்கம் இல்லை. அதுவும் கேள்வியாகவே வருகிறது. ஆதாமிடம் ‘நீ எங்கே இருக்கிறாய்?’, காயீனிடம் ‘உன் சகோதரன் எங்கே?’. ஓரேப் மலையில் எலியா தீர்க்கதரிசிக்கு முன்னால் காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்துபோகின்றன. பிறகு ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’. எபிரேயத்தில் அது ஏறக்குறைய மெல்லிய மௌனத்தின் குரல். அந்தக் குரலும் எலியாவிடம், இங்கே உனக்கு என்ன வேலை என்றுதான் கேட்கிறது.

நம்புவது எப்படி என்று கேட்டீர்கள். நான் ஆகாரிடமிருந்து தொடங்குவேன். எகிப்து தேசத்து அடிமைப் பெண், கர்ப்பிணி, வீட்டை விட்டு ஓடி வந்தவள். அவளுடைய எஜமானர்களான ஆபிராமும் அவர் மனைவி சாராயும் அவளைப் பற்றிப் பேசும்போது ‘அடிமைப்பெண்’ என்பார்களே தவிர, ஒருமுறைகூடப் பெயரைச் சொல்வதில்லை. வனாந்தரத்து நீரூற்றருகே வந்த கர்த்தருடைய தூதன்தான் ‘ஆகாரே’ என்று கூப்பிடுகிறான். எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறான். வேதத்தில் கர்த்தருடைய தூதன் என்று ஒருவர் வருவதே அங்கேதான் முதல்முறை, வந்தது இவளிடம். திரும்பிப்போய் நாச்சியாருக்கு அடங்கியிரு என்று அவன் சொன்னது எனக்கு இன்றும் ஜீரணமாகாத வசனம். அதையும் எழுதியவர்கள் மறைக்கவில்லை.

அவள் செய்தது, வேறு யாரும் துணியாதது. தன்னோடு பேசியவருக்குத் தானே ஒரு பெயர் வைத்தாள்: ‘எல் ரோயீ’, என்னைக் காண்கிற தேவன். அந்தக் கிணற்றுக்கும் அதை ஒட்டியே பெயர் வந்தது. பிற்பாடு, ஆபிரகாம் என்று பெயர் மாறிய ஆபிராம் இறந்தபின் ஈசாக்கு குடியிருந்தது அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான், ஆகாரைத் துரத்தச் சொன்ன சாராளின் (பெயர் மாறிய அதே சாராயின்) மகன்.